பழைய புகைக்குழாய்

அனிதாவின் மோட்டார் சைக்கிள் வெடிப்பதை முதன்முதலாகக் கேட்டபோது, கதிரேசன் நடைவழிக் கம்பியில் தம் சீருடைச் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தார். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, சாலையிலிருந்து வாகன நிறுத்துமிடத்துக்குத் திரும்பும் வளைவில், பட்டாசுச் சரத்தின் கடைசி வெடிகளைப் போலப் ‘பட் பட்’டென்று ஓர் ஓசை எழுந்து அடங்கிற்று. சட்டையின் ஈரக் கையைப் பிடித்தபடியே அவர் எட்டிப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவள் தம் மகள்தான் என்று தெரிந்த பின்னரும் அவருடைய நெஞ்சு நெடுநேரம் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் பேருந்து ஓட்டுநர். உயரமான இருக்கையில் அமர்ந்து சாலையைப் பார்ப்பவருக்கு மோட்டார் சைக்கிள் ஒரு வாகனமாகத் தெரிவதில்லை. ஒரு முதுகாகத் தெரியும். பேருந்துக்கும் லாரிக்கும் இடையே உள்ள முழ அகலச் சந்தில் நுழைந்து, பக்கக் கண்ணாடியில் தோன்றி, மறைந்து, மறுபடியும் முன்னால் தோன்றுகிற முதுகு. அது மறைந்திருக்கும் கணத்தில் ஓட்டுநர் தம்மையறியாமல் மூச்சை நிறுத்திக்கொள்கிறார். யார் யாருடைய முதுகுகளுக்காகவோ மூச்சை நிறுத்திப் பழகியவருக்கு, சொந்த மகளும் அவற்றுள் ஒன்றாகிவிட்டது பொறுக்கத்தக்கதாக இல்லை.

வேறு வழியும் இருக்கவில்லை. அனிதா துவாஸில் மருந்து தயாரிக்கும் தொழிற்சாலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். காலை வேலைமுறைக்கு, முதல் ரயிலில் ஏறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே உரிமம் எடுத்து, இருநூறு சிசி வண்டியொன்றைப் பிறர் ஓட்டிய நிலையில் வாங்கி, தீவின் வடக்கிலிருந்து மேற்குக் கோடிக்கு விரைவுச்சாலை வழியாகப் போய்வந்தாள்.

புதிய புகைக்குழாயை அவள் பூட்டிக்கொண்டது ஆடம்பரத்துக்கன்று. லாரிக்காரர்களுக்குத் தன் வண்டி கண்ணில் படுவதில்லை, காதிலாவது விழட்டும் என்பதே அவள் சொன்ன காரணம். அங்கீகாரம் பெற்ற குழாய்தான். அதற்குரிய எண்ணும் அதன் உடலிற் பொறிக்கப்பட்டிருந்தது. எல்லைக்கு அப்பால், ஜொகூர் பாருவில் ஒரு கடையில் பழைய குழாயைக் கழற்றிக் கையில் கொடுத்து, புதியதை முடுக்கி அனுப்பிவிட்டார்கள். அதற்குமேல் அவர்கள் எதையும் தொடவில்லை. அன்றிலிருந்துதான் வண்டி வெடிக்கத் தொடங்கிற்று. விசையைக் குறைக்கும்போதெல்லாம் பின்னால் வெடித்தது. ஒரே வேகத்தில் போகும்போது, யாரோ பின்னாலிருந்து இழுத்து விடுவதைப் போல விட்டுவிட்டுத் தயங்கிற்று.

லிட்டில் இந்தியாவுக்குப் பின்புறம், ஜாலான் புசார் சாலையை ஒட்டிய சந்தில், முகமது யூசுப்பின் பட்டறை இருந்தது. அனிதா வண்டியை அங்கே கொண்டுபோனாள். யூசுப் மடிக்கணினியை வண்டியோடு இணைத்து அரைநாள் உட்கார்ந்தார். புதிய குழாயில் புகை தடையின்றி வெளியேறுவதால் எஞ்சின் மிகுதியான காற்றை இழுக்கிறது. பெட்ரோலோ பழைய அளவிலேயே வருகிறது. அதனாலேதான் இந்த வெடிப்பும் தயக்கமும் என்று விளக்கினாராம். “சோறு கூடிப்போச்சு, குழம்பு பத்தல, அவ்வளவுதான் லா” என்று அவர் சொன்னதை அனிதா அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிச் சிரித்தாள். பெட்ரோலைக் கூட்டி வைத்த பிறகு வெடிப்பு நின்றது. தடித்த, சீரான ஓர் உறுமல் மட்டும் எஞ்சியது. கதிரேசன் இதையெல்லாம் ஒரு காதால் கேட்டார். அவருக்கு அந்த உறுமலும் வெடியும் ஒன்றே.

அந்த ஓசையை விரும்பியவள் வீட்டில் ஒருத்தியே. கதிரேசனின் மனைவி சாமுண்டீஸ்வரி, தேக்கா சந்தையின் மேல்மாடியில் ரவிக்கை தைக்கும் கடையில் வேலை செய்தாள். மகளுக்கு முன்னரே வீடு திரும்பி, மாவைக் கலக்கி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். பெருஞ்சாலையின் முனையில் உறுமல் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். மகள் மின்தூக்கியில் ஏறி, கதவைத் திறந்து, காலுறையைக் கழற்றுவதற்குள் முதல் தோசை தட்டில் விழும்.

“அது வண்டியா, இல்ல ஒனக்கு அலாரமா?” என்று கதிரேசன் சீண்டுவார்.

“ஒங்க பஸ்ஸுக்கும் இப்படி ஒரு சத்தம் இருந்தா நல்லாருக்கும். ஒங்களுக்குத்தான் எப்பவும் ஆறிப்போன தோசை” என்பாள் அவள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. செம்பவாங் சாலையில் ஒருநாள் முற்பகல் போக்குவரத்து ஊர்ந்தது. கதிரேசனுடைய பேருந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்து அவ்விடத்தை அடைந்தபோது, போலீசார் நீலக் கூடாரத்தைப் போட்டு உடலை மறைத்திருந்தனர். அந்த நீலக் கூடாரத்துக்கு என்ன பொருள் என்று இவ்வூரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பயணிகள் சன்னல்பக்கம் திரும்பினர். கூடாரத்துக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் புகைக்குழாய் பருத்ததாய், மழையில் மினுங்கிக்கொண்டிருந்தது. அனிதாவினுடையது போன்ற குழாய். வண்டியின் நிறம் வேறு, எண் வேறு. எல்லாவற்றையும் அவர் பார்த்தார். ஆயினும் அவர் கண் குழாயிலேயே போய் நின்றது.

அன்று மாலை அவர் சாப்பிடவில்லை. மகள் அருகில் வந்து உட்கார்ந்து காரணம் கேட்டாள். நீலக் கூடாரத்தைப் பற்றி அவர் வாய்திறக்கவில்லை. அந்தப் பைப்பை மட்டும் எடுத்துவிடு என்றார்.

“ப்பா, பைப்புனாலயா ஆக்சிடன்ட் ஆகுது?”

“எனக்கு அந்தச் சத்தம் கேட்டா ஆகல, பாப்பா. கேட்டுக்கிட்டு பஸ் ஓட்ட முடியல. போறவன் எல்லாம் நீயாத் தெரியிற.”

அனிதா அவருடைய கையைப் பார்த்தாள். விரல்கள் தட்டின் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தன. சரி, அடுத்த ஓய்வுநாளில் யூசுப்பிடம் கொண்டுபோய் மாற்றிக்கொள்கிறேன் என்றாள். அந்த ஓய்வுநாள் மிகத் தொலைவில் இருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. இதற்கு எதற்குப் பட்டறை, தாமே மாற்றித் தருவதாகச் சொன்னார்.

அவருடைய வாலிபத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் செய்த வேலைதான் அது. ஆண்டுப் பரிசோதனைக்கு முதல்நாள் உரத்த குழாயைக் கழற்றி, கட்டிலடியிலிருந்து ஒரிஜினல் குழாயை எடுத்துப் பூட்டுவார்கள். பரிசோதனை நிலையத்துக்குப் போய், முத்திரை வாங்கித் திரும்பியதும் மீண்டும் மாற்றிவிடுவார்கள். எஞ்சினில் எதையும் தொடுவதில்லை. ஒருநாள் ஓட்டத்துக்கு எந்த எஞ்சினும் பொறுத்துக்கொள்ளும். “இன்ஸ்பெக்‌ஷனுக்கு எத்தன தடவ மாத்தி மாத்திப் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாததா?” என்று அவர் சொன்னபோது அதில் பொய்யேதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வாகன நிறுத்துமிடத்தில், பழைய கைலியை விரித்து உட்கார்ந்து, வியர்க்க வியர்க்க வேலையை முடித்தார். எந்தத் திருகும் தளரவில்லை. இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டையும் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார். எஞ்சினைக் கிளப்பியபோது அது தையல் இயந்திரத்தைப் போல மெல்ல ஓடிற்று. நீண்ட நாட்களுக்குப் பிறகு அவர் அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினார்.

அதன்பின் வீட்டில் அமைதி நிலவியது என்று சொல்ல இயலாது. சாமுண்டீஸ்வரிக்கு மகள் வருவது தெரியவில்லை. மாலையில் அடுப்பை மூட்டுவாள், அணைப்பாள், நடைவழிக்குப் போவாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டியையும் பார்ப்பாள். அனிதா ஓசையின்றி வந்து பின்னால் நிற்கும்போது திடுக்கிடுவாள்.

வண்டியிலும் சில மாற்றங்கள் தெரிந்தன. குழாயின் வாயில் கரி படிந்தது. அனிதாவின் காற்சட்டை ஓரத்தில் அது ஒட்டிக்கொண்டு துவைத்தாலும் போகவில்லை. பெட்ரோல் வாடை அடித்தது. நிறுத்தற்கோட்டில் நிற்கும்போது எஞ்சின் தடுமாறிற்று. ஒருமுறை அணைந்தும் போயிற்று. இவற்றை அவள் அப்பாவிடம் சொல்லாமல் இல்லை. பேட்டரி பழசாகியிருக்கும், சனிக்கிழமை பார்க்கலாம் என்று அவர் பதில் சொன்னார். சத்தம் போய்விட்டது, அதனோடு ஆபத்தும் போய்விட்டது என்று அவர் மனம் முடிவுகட்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்பாகவே, பெருமழை பெய்த ஒரு பிற்பகலில், கதிரேசன் ஈசூன் பேருந்து முனையத்தின் ஓய்வறையில் தே-ஓ என்னும் பாலில்லாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கழற்றிய குழாயின் நினைவு வந்தது. அது வீட்டில் இருக்கும்வரை மகள் என்றேனும் மீண்டும் பூட்டிக்கொள்ளக்கூடும். யூசுப்பிடம் தள்ளிவிடலாம் என்றெண்ணி அவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

யூசுப் குழாயை வாங்கிக்கொள்வதாக உற்சாகமாகச் சொன்னார். பிறகு, யாரிடம் கொடுத்து மாற்றினீர்கள் என்று கேட்டார். தாமே மாற்றியதாகக் கதிரேசன் சற்றுப் பெருமையுடன் கூறினார். மறுமுனையில் சுத்தியல் ஓசை நின்றது.

“அண்ணே, பைப்ப மாத்துனீங்க சரி. செட்டிங்க யாரு மாத்துனது?”

“எந்த செட்டிங் பாய்?”

“நான் அந்தப் பைப்புக்குன்னு பெட்ரோலக் கூட்டி வச்சிருக்கேன் லா. பழைய பைப்புக்கு அது ஆகாது. இப்ப நீங்க சோத்தக் கொறச்சுட்டீங்க, குழம்பு அப்படியே ஊத்திக்கிட்டிருக்கு.”

“அதுவா சரி பண்ணிக்காதா? கம்ப்யூட்டர் வண்டிதானே?”

“அதுக்குள்ள பொகைய மோந்து பாக்குற சென்சார நான்தானே அடைச்சு வச்சேன். வண்டி கண்ண மூடிக்கிட்டு ஊத்துது. ப்ளக் கரி புடிச்சிரும். ஆக்சிலேட்டர விட்டு கிளட்ச்சப் புடிச்சா அப்படியே செத்துரும், திரும்பக் கெளம்பாது.” யூசுப் குரலைத் தாழ்த்தினார். “பாப்பா இப்ப எங்கண்ணே இருக்கு?”

கதிரேசன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காலை வேலைமுறை முடிந்துவிட்டது. அவள் சாலையில்தான் இருப்பாள்.

அவர் மகளை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிடுவாள். அப்படிச் செய்யவேண்டும் என்று கண்டித்துச் சொன்னவரும் அவரே. மறுபடியும் அழைத்தார். பிறகு, வண்டியை ஓரமாக நிறுத்து என்று ஒரு செய்தி அனுப்பினார். ஓய்வுநேரம் முடிந்துவிட்டது. முனையக் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போகலாமா என்று நினைத்தார். போய் என்ன செய்வது? எந்தச் சாலையில் தேடுவது? வெளியே பயணிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஓட்டுநர் விதிப்படித் தொலைபேசியை அணைத்துப் பையில் வைத்து, பேருந்தில் ஏறி, கதவைத் திறந்தார்.

அந்தச் சுற்றை அவர் எப்படி ஓட்டினார் என்பது அவருக்கே பின்னர் நினைவிலில்லை. துடைப்பான்கள் உச்ச வேகத்தில் அடித்தும் கண்ணாடி தெளியவில்லை. பயண அட்டை தட்டும் ஒலி, மணி ஒலி, கதவு மூடும் பெருமூச்சு யாவும் வழக்கம்போலவே கேட்டன. கால் சரியான இடத்தில் மிதித்தது. கை சரியான அளவு திருப்பிற்று. மனம் மட்டும் விரைவுச்சாலையில் இருந்தது. புக்கிட் தீமா விலக்கு, மண்டாய் விலக்கு என்று அவள் வரும் வழியின் ஒவ்வொரு சரிவிலும் ஏறி இறங்கிற்று. எங்கெல்லாம் விசையை விடவேண்டும், எங்கெல்லாம் கிளட்ச்சைப் பிடிக்கவேண்டும் என்று எண்ணிப் பார்த்தது. எண்ண எண்ண இடங்கள் பெருகின. எந்நேரமும் ஏதேனும் ஓரிடத்தில் அந்த எஞ்சின், தாம் விரும்பியபடியே, ஓசையின்றி அடங்கக்கூடும்.

மேம்பாலமொன்றின் அடியில் மோட்டார் சைக்கிளோட்டிகள் மழைக்கு ஒதுங்கியிருந்தனர். பேருந்தின் வேகத்தைத் தணித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உணவு விநியோகிப்பவர்கள், மலேசிய எண் தாங்கிய வண்டிக்காரர்கள், ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த ஒருவர். அவள் இல்லை. பின்னாலிருந்த கார் ஒலி எழுப்பிற்று. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த சீன மூதாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்போது எங்கோ ஆம்புலன்ஸின் ஊளை கேட்டது. அது எந்தத் திசையில் போகிறது என்று அறிவதற்காக, குளிர்சாதனம் ஓடும் பேருந்தில், அவர் பக்கத்துச் சன்னலைத் திறந்தார். மழைச்சாரல் தோளை நனைத்தது. ஊளை தேய்ந்து போயிற்று.

லெண்டார் அவென்யூவில் திரும்பும் வேளையில் மழை சற்றே வெறித்தது. விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் சரிவைக் கடந்ததும், இடப்புறப் புல்வெளி ஓரமாக ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது தெரிந்தது. மழைச்சட்டை முழங்காலோடு ஒட்டியிருந்தது. தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கிற்று. பின்னல் அவிழ்ந்து முதுகில் கிடந்தது. அந்த முதுகை அவருக்குத் தெரியும்.

அங்கே நிறுத்த இயலாது. பேருந்து நிறுத்தம் சிறிது தொலைவில் இருந்தது. அவர் அவளைக் கடந்து சென்று, நிறுத்தத்தில் நின்று, கதவுகளைத் திறந்தார். இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். ஏறுவதற்கு யாருமில்லை. அவர் கதவை மூடவில்லை. இடப்பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். சிறியவளாய், மழைப்புகைக்குள், வண்டியைத் தள்ளித் தள்ளி மெல்ல மெல்லப் பெரியவளாகிக்கொண்டிருந்தாள். அவர் வாழ்நாளில் அந்தக் கண்ணாடியை அத்தனை உன்னிப்பாகப் பார்த்ததில்லை. பார்வையை எடுத்தால் அவள் மறைந்துவிடுவாள் போலிருந்தது.

அனிதா முன்கதவின் அருகே வந்து நின்றாள். குளிரில் பற்கள் தந்தியடித்தன.

“நீங்களாப்பா? எக்ஸிட்டுல எறங்குறப்ப முன்னாடி கார் ப்ரேக் போட்டான். நான் கிளட்ச்சப் புடிச்சேன். அவ்வளவுதான். சத்தமே இல்லாம செத்துடுச்சு. பின்னாடி லாரி. அவனுக்கு நான் நிக்கிறதே தெரியலப்பா. இவ்வளவு இடம்தான் இருந்துச்சு.” அவள் காட்டிய இடம் ஒரு சாண்கூட இல்லை.

“அடி கிடி பட்டிச்சா?”

“இல்ல. புல்லுல உருட்டிட்டேன்.”

கதிரேசன் இருக்கையிலிருந்து அவள் பக்கம் குனிந்தார். “வண்டியத் திரும்பக் கெளப்பாத. இந்த ஸ்டாப்புலயே உக்காரு. யூசுப் பாய்க்கு போன் பண்ணு, லாரி எடுத்துக்கிட்டு வருவாரு.” பிறகு, பின்னாலிருக்கும் பயணிகளுக்கு இந்த மொழி புரியாது என்பதையும் மறந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “பேட்டரி இல்ல பாப்பா. நான்தான். பைப்ப மாத்துனவன் நான், செட்டிங்க மாத்தல. எனக்குத் தெரியல.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், ஏறக்குறைய விரும்பினார். அவள் கண்ணிலிருந்தது அச்சம் மட்டுமே. அது இன்னும் லாரியின் முன்பாகவே நின்றுகொண்டிருந்தது.

“போங்கப்பா. எல்லாரும் வெயிட் பண்றாங்க” என்றாள்.

கதவு மூடிற்று. அவர் பேருந்தை நகர்த்தினார். அடுத்த சமிக்ஞை விளக்கில் நின்றபோதுதான், நனைந்த தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சீன மூதாட்டி எழுந்து வந்தார். அந்தப் பெண் உங்கள் மகளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கதிரேசன் தலையசைத்தார். மூதாட்டி பையிலிருந்து காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார்.

அன்றிரவு சாமுண்டீஸ்வரி இருவருக்கும் சோறு போட்டாள். மகள் உறங்கப்போகும்வரை காத்திருந்தாள். பிறகு பாத்திரம் துலக்கியபடியே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

“பயம் ஒங்களுக்கு. மருந்து அவ வண்டிக்குப் போட்டீங்க.”

அவள் துலக்கியவற்றை அவர் துடைத்து அடுக்கினார்.

யூசுப் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன், இருவகையிலும் அமைத்துத் தரலாம் என்றார். பழைய குழாயே இருக்கட்டும் என்றால், பெட்ரோலைப் பழைய அளவுக்குக் குறைத்துச் சென்சாரைத் திறந்துவிடலாம். வண்டி அமைதியாக, ஒழுங்காக ஓடும். புதியதையே பூட்டினால் அமைப்பில் எதையும் மாற்றவேண்டாம். தேர்ந்தெடுக்கவேண்டியது அவர்கள்தாம். அனிதா அப்பாவைப் பார்த்தாள். கதிரேசன் பட்டறைத் தரையில் கிடந்த இரு குழாய்களையும் பார்த்தார். நீலக் கூடாரம் அவர் கண்முன் வந்தது. ஒரு சாண் இடமும் வந்தது. இரண்டில் எது பெரிதென்று அவரால் அளக்க முடியவில்லை.

“ஒனக்கு எது வேணுமோ அதப் போட்டுக்க” என்றார் கடைசியில். “லாரிக்காரனுக்குக் காது கேக்கணும்னு நீதான சொன்ன.”

மறுநாள் விடியலுக்கு முன் அனிதா வேலைக்குப் புறப்பட்டாள். கதிரேசனுக்குப் பிற்பகல் முறைதான். ஆயினும் எழுந்து நடைவழிக்கு வந்தார். சாமுண்டீஸ்வரி ஏற்கெனவே அங்கு நின்றிருந்தாள். கீழே உறுமல் எழுந்தது. எதிர்க் கட்டடத்தில் யாரோ சன்னலைச் சாத்தினார்கள். வண்டி வளைவைத் திரும்பிற்று. மரங்களுக்கப்பால் சிவப்பு விளக்கு மறைந்தது. இனி ஓசை மட்டுமே. சாலைச் சந்திப்பில் அது தாழ்ந்தது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாழ்ந்த ஓசையைக் கேட்டனர். தடுமாறாமல் நின்று, மீண்டும் எழுந்து, பெருஞ்சாலையில் ஏறி, மெலிந்து மெலிந்து, ஏதோ ஒரு பேருந்தின் இரைச்சலோடு கலந்து கேளாமற்போயிற்று.

“நின்னுச்சா, தூரமாப் போச்சா?” என்று சாமுண்டீஸ்வரி மெல்லக் கேட்டாள்.

கதிரேசன் கண்களை மூடி இன்னும் சற்று நேரம் கேட்டார்.

“தூரமாத்தான் போச்சு” என்றார்.

அவள் உள்ளே போனாள். அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.